இறைவார்த்தையை அசைபோடுதல்: அன்றாட வாழ்வில் கிறிஸ்தவத் தியானம் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

"தியானத்துக்குப் போய் வந்தேன்" என்று நம்மவர்கள் சொன்னால், ஒரு தியான இல்லத்திலோ ஆலய வளாகத்திலோ இரண்டு மூன்று நாள் நடந்த உரைகளைக் கேட்டு வந்தேன் என்றே பெரும்பாலும் பொருள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் முதன்முறையாகத் தனியே தியானிக்க அமரும்போது, எதிரே பேச யாரும் இல்லாத அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் ஐந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவில், சில ஆண்டுகளாகப் புதியவர்களோடு அமர்ந்து வருகிறேன். பக்தியில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எதற்குப் பின் எதைச் செய்வது என்னும் வரிசைதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

அந்த வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன். துறவு மடங்களில் 'லெக்சியோ திவினா' என வழங்கும் இறைவார்த்தைத் தியானம் இதன் உடல். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைப் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலிருந்து எடுத்திருக்கிறேன். நான் கத்தோலிக்கர் என்பதால் செபம், திருவிவிலியம், திருப்பாடல் என்னும் சொற்களையே பயன்படுத்துகிறேன். ஜெபம், வேதாகமம், சங்கீதம் என்று சொல்லிப் பழகிய சபையினரும் இதே முறையை ஒரு மாற்றமும் இன்றிக் கைக்கொள்ளலாம்.

1. அமரும் முன் தேவைப்படுபவை

அச்சிட்ட திருவிவிலியம் ஒன்று, ஒரு சிறிய நோட்டு, ஒரு பேனா, முதுகு நேராக அமரக்கூடிய ஒரு நாற்காலி அல்லது பாய். இவ்வளவு போதும். மெழுகுவர்த்தியும் சிலுவையும் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கைப்பேசியில் இருக்கும் விவிலியச் செயலியைத் தியான நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். இறைவார்த்தை எந்தத் திரையில் இருக்கிறதோ அதே திரையில்தான் அலுவலகச் செய்தியும் உறவினர் குழுவின் காணொளியும் வந்து விழுகின்றன. ஒருமுறை கண் அங்கே போய்விட்டால் மனம் திரும்ப நெடுநேரம் ஆகும். நேரம் பார்க்கக் கைப்பேசி வேண்டுமென்றால் அலாரம் வைத்து, அறையின் மறுகோடியில் கவிழ்த்து வையுங்கள்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். "நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்" என்றவர்களில் ஒருவர்கூட இரண்டாவது வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னான விடியல் பலருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் நான்கு மணிக்கே எழுந்து சமையலைத் தொடங்கும் தாய்க்கு, எல்லாரும் கிளம்பிப் போனபின் வரும் காலை பத்து மணிதான் விடியல். விடியற்காலையே புனிதமானது என்று எண்ணி, தூக்கக் கலக்கத்தோடு அமர்ந்து தோற்பதைவிட, விழிப்பான ஒரு நேரத்தைத் தேர்வதே மேல்.

2. முந்தின இரவே பகுதியைத் தேர்ந்து வைத்தல்

காலையில் அமர்ந்தபின் "இன்று எதை வாசிக்கலாம்" என்று பக்கம் புரட்டத் தொடங்கினால், இருபது நிமிடத்தில் எட்டு நிமிடம் அதிலேயே போகும். ஆகவே படுக்கப் போகும் முன்பே பகுதியைத் தேர்ந்து, ஒரே ஒருமுறை வாசித்து, அடையாளம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். இரவில் விதைத்த வரி, காலையில் முதல் நினைவாக எழுவதைப் பலர் வியப்போடு சொல்லியிருக்கிறார்கள்.

பகுதி ஆறேழு வசனங்களுக்கு மேல் போகக் கூடாது. முழு அதிகாரத்தையும் எடுப்பதே புதியவர்களின் முதல் தவறு. ஆண்டுக்குள் விவிலியத்தை முடிக்கும் திட்டம் வேறு, தியானம் வேறு; இரண்டையும் ஒரே அமர்வில் செய்தால் இரண்டும் கெடும்.

நிகழ்ச்சிகள் உள்ள நற்செய்திப் பகுதிகளிலிருந்து தொடங்குவது எளிது. எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு (மாற்கு 10:46-52), புயலை அடக்குதல் (மாற்கு 4:35-41), மார்த்தாவும் மரியாவும் (லூக்கா 10:38-42), பரிசேயரும் வரிதண்டுபவரும் (லூக்கா 18:9-14), கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடருக்கு மீனும் அப்பமும் கொடுத்த உயிர்த்த ஆண்டவர் (யோவான் 21:1-14), இவற்றோடு திருப்பாடல் 23. முதல் மாதத்துக்கு இவையே ஏராளம். நீளமாக இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தையும் திருவெளிப்பாட்டையும் பின்னொரு நாளுக்கு வையுங்கள்.

ஒரே பகுதியை மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். "நேற்றுச் செய்ததுதானே" என்னும் சலிப்பு வரும். முதல் நாள் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வாசிக்கிறோம். மூன்றாம் நாளில்தான் அங்கே எழுதியிருப்பதை வாசிக்கிறோம்.

இன்னொன்றையும் அன்போடு சொல்ல வேண்டும். புத்தாண்டு இரவில், விவிலிய வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய செய்தியாகக் கொள்பவர்கள் உண்டு. தியானத்துக்கு அந்த வழி உதவாது. கிடைத்த வசனம் ஆறுதலாக இருந்தால் மகிழ்ந்து மூடிவிடுகிறோம். கண்டிப்பாக இருந்தால் மறுபடி திறக்கிறோம். இரண்டிலும் கேட்பது நடப்பதில்லை.

3. இருக்கைக்கு ஓரிரு அடி தள்ளி நிற்றல்

புதியவர்கள் எல்லாரும் தாவிவிடும் படி இது. இஞ்ஞாசியார் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: செபிக்கப் போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பாக, கர்த்தர் கற்பித்த செபத்தை ஒருமுறை சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் என்னை எப்படி நோக்குகிறார் என்பதை எண்ணிப் பார்த்து, வணங்கிவிட்டு அமர வேண்டும்.

காரணம் எளியது. நாம் வழக்கமாக நம் கவலையோடு செபத்துக்குள் நுழைகிறோம். அதனால் முழு நேரமும் அந்தக் கவலையையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். அவர் நம்மைப் பார்க்கிறார் என்னும் நினைவோடு நுழைந்தால், அதே கவலை அவர் பார்வைக்குக் கீழே வந்துவிடுகிறது. அரை நிமிடச் செயல்தான். ஆயினும் அதை விட்ட நாளுக்கும் செய்த நாளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாரத்தில் நீங்களே உணர்வீர்கள்.

பின் அமர்ந்து, மூச்சை இயல்பாக விட்டு, தோளையும் தாடையையும் தளர்த்துங்கள். தூய ஆவியாரின் ஒளியை ஒரே வரியில் கேளுங்கள். சிறுவன் சாமுவேலைப் போல, "பேசும் ஆண்டவரே, அடியேன் கேட்கிறேன்" என்றால் போதும். முழங்காலிடுவதா, அமர்வதா, நிற்பதா என்று கேட்பார்கள். எந்த நிலையில் மனம் ஒன்றுகிறதோ அந்த நிலையிலேயே இருங்கள். ஒன்றிய பின் நிலையை மாற்ற வேண்டாம்.

4. வாசித்தல்: உதடு அசைய வேண்டும்

முதல் திருப்பாடல், ஆண்டவரின் திருச்சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவரைப் பேறுபெற்றவர் என்கிறது. அங்கே 'தியானித்தல்' என்பதற்கு எபிரேயத்தில் உள்ள வினை 'ஹாகா'. தாழ்குரலில் முணுமுணுத்தல் என்பது அதன் பொருள். எசாயா நூலில், இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் முனகும் புறாவுக்கும் இதே வினை வருகிறது. ஆகவே வாயை மூடிக் கண்ணால் மட்டும் ஓட்டுவதைவிட, உங்கள் காதுக்கே கேட்கும் அளவில் உதடு அசைத்து வாசிப்பதே சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமானது. வேகமும் தானாகக் குறைந்துவிடும்.

இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை என்ன நடக்கிறது என்பதற்காக. இரண்டாம் முறை, எந்தச் சொல்லில் குரல் தயங்குகிறது என்பதற்காக. தயங்கிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். எல்லா வசனமும் உங்களோடு பேச வேண்டியதில்லை. ஒரு சொல் பேசினால் அன்றைக்கு அது போதும்.

இங்கே வரும் பெரிய தவறு, படிப்பாளியாகிவிடுவது. அடிக்குறிப்பு பார்ப்பது, இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவது, எரிகோ எருசலேமிலிருந்து எவ்வளவு தூரம் என்று தேடுவது ஆகிய எல்லாம் நல்லவையே. மாலையில் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். விவிலிய அறிவு மிகுந்தவர்களுக்கே இந்த இடறல் அதிகம். வினாடி வினாவில் பரிசு வாங்கியவர்கள் எங்கள் குழுவில் இதைத் தாண்ட மற்றவர்களைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்த கதை என்பதால் அவர்கள் காது அதற்குள் மூடிவிடுகிறது.

5. அசைபோடுதல்

மாடு மேயும்போது வேகமாக உள்ளே தள்ளிவிடுகிறது. பிறகு நிழலில் படுத்து, அதையே மேலே கொண்டுவந்து மென்று சாறாக்குகிறது. மேலைத்திருச்சபையின் துறவிகளும் இந்தப் படிக்கு அசைபோடுதல் என்னும் சொல்லையே இலத்தீனில் வழங்கினார்கள். தயங்கி நின்ற அந்தச் சொல்லை இப்போது மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏழெட்டு முறை சொன்னபின் நிறுத்தி, "ஆண்டவரே, இந்தச் சொல் ஏன் என்னைப் பிடித்துக்கொண்டது?" என்று கேளுங்கள்.

இது நடப்பது எப்படி என்பதை ஓர் அமர்விலிருந்து காட்டுகிறேன். பர்த்திமேயு பகுதியை மூன்றாம் நாளாக எடுத்திருந்தோம். தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி, எல்லாரும் "எனக்கு இரங்கும்" என்னும் கூக்குரலில் நின்றபோது, "தம் மேலுடையை எறிந்துவிட்டு" என்னும் இடத்தில் நின்றுவிட்டார். துணியோடு வாழ்பவர் என்பதால் கண் அங்கே போயிருக்கலாம். வழியோரம் பிச்சையெடுத்தவருக்கு அது எவ்வளவு பெரிய உடைமை என்று அவர் எண்ணத் தொடங்கினார். அடகாக வாங்கிய ஏழையின் மேலுடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் போர்த்திப் படுக்க அது ஒன்றுதான் இருக்கிறது என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. கண் தெரியாத ஒருவர் கூட்டத்துக்குள் அதை எறிந்தால் திரும்பத் தேடி எடுக்க முடியாது. பார்வை கிடைக்கும் என்ற உறுதி அப்போது அவருக்கு இல்லை. இயேசு கூப்பிடுகிறார் என்ற செய்தி மட்டுமே கையில் இருந்தது.

அந்தச் சகோதரி நோட்டில் எழுதியது ஒரே வரி: "நான் எதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?" அடுத்த நாள் அதே சொல்லில் அமர்ந்தபோது, நாத்தனாரோடு பல மாதமாகப் பேசாமல் இருந்த கோபம் நினைவுக்கு வந்ததாகவும், அந்தக் கோபம் தனக்குக் கதகதப்பாக இருந்ததை அன்றுதான் கண்டதாகவும் சொன்னார். யாரும் அவருக்கு அதை விளக்கவில்லை. நாள்கணக்கில் ஒரே பகுதியில் நின்றதால் வந்தது.

கதைப்பகுதியாக இருந்தால் காட்சிக்குள் நீங்களும் போய் நிற்கலாம். சாலையின் புழுதி, "சும்மா இரு" என்று அதட்டும் கூட்டம், நடந்துகொண்டிருந்த இயேசு நின்ற அந்தக் கணம். நீங்கள் அங்கே யார்? கத்துபவரா, அதட்டுபவரா, "எழுந்து வாரும், உம்மைக் கூப்பிடுகிறார்" என்று சொல்லப் போகிறவரா? கற்பனை எளிதில் வராதவர்கள் வலிந்து படம் வரைய வேண்டாம். சொல்லோடு மட்டும் இருப்பதும் முழுமையான தியானமே.

இந்தப் படியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். ஒன்று, அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்று பிறரைத் தேடுவது: "இதை என் கணவர் கேட்க வேண்டும்" என்று தோன்றினால் உடனே திரும்பி வாருங்கள். மற்றொன்று, அதற்குள் நீதிபோதனையைப் பிழிந்து எடுத்துவிட்டு, "சரி, இனி பொறுமையாக இருக்க வேண்டும்" என்று முடித்துவிடுவது. ஆண்டவர் முதலில் நம்மை நோக்குகிறார். தீர்மானம் அதன் பிறகு வரட்டும்.

6. செபித்தல்: இப்போது பேசுங்கள்

இவ்வளவு நேரம் கேட்டீர்கள், இனி மறுமொழி. நண்பர் ஒருவர் நண்பரிடம் பேசுவதுபோலப் பேசும்படி இஞ்ஞாசியார் சொல்கிறார். ஆலயத்தில் வழங்கும் நடையில்தான் பேச வேண்டும் என்பதில்லை. நெல்லைத் தமிழோ மீனவக் குப்பத்துத் தமிழோ, வீட்டில் அம்மாவிடம் அழும்போது எந்த மொழி வருகிறதோ அந்த மொழி.

விண்ணப்பப் பட்டியலை இங்கே இறக்கிவிடாதீர்கள். பிள்ளையின் தேர்வு, கடன், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இரவுச் செபமும் குடும்பச் செபமாலையும் இருக்கின்றன. இந்த நான்கைந்து நிமிடங்களில், கேட்ட சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நாம் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொன்னதுபோலவும், அவர் ஒன்று சொல்ல நாம் வேறொன்று பேசுவதுபோலவும் இருக்கும் செபத்தில் உறவு வளர்வதில்லை. கோபம் வந்தால் கோபத்தையே சொல்லுங்கள். திருப்பாடல்கள் முழுக்க அந்தத் துணிவு இருக்கிறது.

7. அமைந்திருத்தல்

சொல்ல வேண்டியது தீர்ந்தபின் மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் அவர் முன் இருங்கள். மனத்தை வெற்றிடமாக்குவது இதன் நோக்கமில்லை. பால்மறந்த குழந்தை தாயின் மடியில் கிடப்பதைப் போன்ற நிறைவை 131-ஆம் திருப்பாடல் பாடுகிறது. அதுவே இந்தப் படி.

எண்ணங்கள் வரும். குக்கர் சத்தம், நேற்று ஒருவர் சொன்ன சொல், மாதக் கடைசி. அவற்றோடு சண்டையிட்டால் அவையே தியானப்பொருள் ஆகிவிடும். அலைந்ததை அறிந்த கணத்தில், தன்னை நொந்துகொள்ளாமல், அந்த நாளின் சொல்லை ஒருமுறை மெல்லச் சொல்லித் திரும்புங்கள். மூன்று நிமிடத்தில் முப்பது முறை திரும்பினாலும், முப்பது முறை அவரைத் தேடி வந்திருக்கிறீர்கள். "எனக்கு மனம் நிற்பதில்லை, தியானம் எனக்கு ஆகாது" என்று விட்டவர்கள் பலர். அவர்கள் எல்லாரும் இந்த ஒன்றைத் தவறாக எண்ணியவர்கள்.

கண்ணீரோ, உடல் சிலிர்ப்போ, ஒளியோ வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வந்தால் நன்றி சொல்லுங்கள்; வராவிட்டால் குறை ஒன்றுமில்லை.

8. முடிப்பதும் எழுதுவதும்

கர்த்தர் கற்பித்த செபத்தை மெதுவாக ஒருமுறை சொல்லி முடியுங்கள். உடனே எழுந்து ஓடாமல் நோட்டை எடுத்து, தேதி, பகுதி, பிடித்த சொல், ஒரே ஒரு வரி எழுதுங்கள். பக்கக்கணக்கில் எழுதுபவர் விரைவில் தம் எழுத்தையே ரசிக்கத் தொடங்கிவிடுவார். எழுதாதவருக்கோ ஆண்டவர் ஒரு மாதமாக ஒரே செய்தியைச் சொல்லிவருவது தெரியாமலேயே போய்விடும்.

9. சொல்லைப் பகலுக்குள் கொண்டுபோதல்

இருபது நிமிடம் முடிந்து, மீதி நாள் முழுவதும் வேறு ஆளாக வாழ்ந்தால் தியானம் வேர்பிடிக்காது. காலையில் பிடித்த சொல்லை, நீங்கள் தினமும் எப்படியும் செய்யும் இரண்டு மூன்று செயல்களோடு கட்டிவிடுங்கள்: வண்டியின் சாவியைத் திருப்பும்போது, அரிசி களையும்போது, அலுவலகப் படியேறும்போது. "அடிக்கடி நினைத்துக்கொள்வேன்" என்னும் தீர்மானம் மதியத்துக்குள் மறந்துபோகும். கைவேலையோடு கட்டிய சொல் மறப்பதில்லை.

சொல் எதுவும் தங்கவில்லை என்றால், கீழைத்திருச்சபையினர் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் இயேசு செபத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." பர்த்திமேயுவின் கூக்குரலும் கோவிலில் தொலைவில் நின்ற வரிதண்டுபவரின் மன்றாட்டும் இந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. பேருந்து நெரிசலில் நின்றுகொண்டே உள்ளத்தில் சொல்லலாம். எண்ணிக்கை வைக்க வேண்டாம்.

10. இரவில் பத்து நிமிடம்: நாளைத் திரும்பிப் பார்த்தல்

இதை இஞ்ஞாசியார் ஐந்து நிலைகளாக வகுத்தார். வரிசை மாறக் கூடாது. முதலில் நன்றி. அடுத்து, தன்னை அறிய ஒளி கேட்டல். பிறகு எழுந்ததிலிருந்து இந்நேரம் வரை ஒவ்வொரு மணியாகத் திரும்பிப் பார்த்தல். நான்காவது மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு ஒரு தீர்மானம்.

நம்மவர்கள் நேரே மூன்றிலும் நான்கிலும் தொடங்குகிறார்கள். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, தயாரிக்கும் பழக்கம் அப்படி. ஆனால் நன்றியில்லாமல் தொடங்கும் ஆய்வு கணக்குத் தணிக்கையாகி, பத்து நாளில் மனம் அதை வெறுத்துவிடும். நன்றியும் குறிப்பாக இருக்கட்டும்: "எல்லா நன்மைகளுக்கும் நன்றி" என்பதைவிட, "மழையில் நனைந்து நின்றபோது குடைக்குள் இடம் கொடுத்த பெண்ணுக்காக நன்றி" என்பது கண்ணைத் திறக்கும். தீர்மானமும் ஒன்றே இருக்கட்டும், மறுநாளே செய்யக்கூடியதாக.

11. வறட்சி வரும்போது

மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். சொல் பிடிக்காது, இருபது நிமிடம் ஒரு மணி நேரம்போல் நீளும். இஞ்ஞாசியாரின் இரண்டு அறிவுரைகள் இங்கே கைகொடுக்கின்றன. வறட்சியில் குறித்த நேரத்தைக் குறைக்காதீர்கள். முடிந்தால் ஒரு நிமிடம் கூடுதலாகவே இருங்கள். முன்பு அமைதியில் எடுத்த தீர்மானத்தை வறட்சியில் மாற்றாதீர்கள். அந்த வேளையில் நேரத்தை மாற்றலாமா, முறையை மாற்றலாமா என்று தோன்றும் யோசனைகளில் பெரும்பாலானவை விட்டுவிடுவதற்கான வழிகளே.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள்: தூக்கம் போதுமா, பகுதி நீளமா, நாற்காலிக்கு முன் நிற்பதை விட்டுவிட்டீர்களா, யாரோடாவது ஒப்புரவாக வேண்டியிருக்கிறதா. இவை எதுவும் இல்லையென்றால் திருப்பாடல் 23-க்குத் திரும்பி, ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்று போங்கள். உணவு, தூக்கம், வேலை எல்லாவற்றிலும் ஆர்வம் போய் வாரக்கணக்கில் துயரம் நீடித்தால், அதை ஆன்மிக வறட்சி என்று மட்டும் எண்ணித் தனியே சுமக்காமல் மருத்துவரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை.

தியானத்தில் ஆண்டவர் ஒரு பெரிய முடிவைச் சொல்லிவிட்டதாக உறுதியாகத் தோன்றினால், அதாவது வேலையை விடு, வீட்டை விற்றுவிடு, இன்னாரோடு உறவை முறி என்பது போல எதுவாயினும், உடனே செயல்படாதீர்கள். உங்கள் பங்குத்தந்தையிடமோ, அனுபவமுள்ள ஆன்ம வழிகாட்டியிடமோ சொல்லி, சில வாரம் அதே செபத்தில் வைத்துப் பாருங்கள். தூய ஆவியாரின் கனிகளாகப் பவுல் எண்ணுகிற அன்பும் அமைதியும் பொறுமையும் அதனால் வளர்கின்றனவா, வீட்டிலுள்ளவர்கள் உங்களோடு வாழ்வது எளிதாகியிருக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள்.

12. நாள் தவறினால்

திருமணம், காய்ச்சல், பயணம் என்று நான்கு நாள் விட்டுப்போகும். விட்டதைச் சேர்த்து எண்பது நிமிடம் அமர முயலாதீர்கள். அப்படி முயன்றவர்கள் ஐந்தாம் நாளும் அமர்வதில்லை. புதிய திட்டமும் போட வேண்டாம், திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடைசியாக நோட்டில் எழுதிய வரியைத் திறந்து, அதே பகுதியை எடுத்து, இன்று இரவே ஒருமுறை வாசித்து அடையாளம் வைத்துவிட்டு, காலையில் இருக்கைக்கு ஓரடி முன்பாக நில்லுங்கள்.